கீழக்கரையில் குதிரை பற்றிக் கற்க எங்கே தொடங்குவது?

அண்ணே, பதினொன்றாம் வகுப்பு மகள் குதிரை டாக்டராக ஆசைப்படுகிறாள், கீழக்கரைப் பக்கம் சவாரிப் பள்ளி இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். சவாரி அப்புறம். முதலில் மட்டக்குதிரை வைத்திருப்பவர் யாரிடமாவது கேட்டு லாயத்தில் உதவிக்கு விடுங்கள். தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்க்கட்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44.

நம் கரையில் பெரிய தொல்லை மணல். தீவனத்தைத் தரையில் போட்டால் மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் தங்கும், வயிற்றுவலி வரும். பாவம், குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் மணல் படிகிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, உயிரியல் குரூப்தானே? கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு. மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். திருநெல்வேலியிலேயே கல்லூரி இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் மட்டும் ஏற விடாதீர்கள்.