வெகுளி என்றால் திட்டா, பாராட்டா?

கேள்வி: கல்யாணமான புதிதில் மாமியார் என்னை ‘வெகுளி’ என்றார். பாராட்டு என்று பூரித்துப் போனேன். இப்போது நாத்தனார் ‘அண்ணி ஒரு ஏமாளி’ என்கிறாள். இரண்டும் ஒன்றுதானா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இல்லவே இல்லை. ஏமாளி என்று பேர் வாங்க எங்கேயாவது ஏமாந்திருக்க வேண்டும். வெகுளிக்கு அதெல்லாம் தேவையில்லை, மனசில் இருப்பதை அப்படியே போட்டு உடைத்தால் போதும். ஆனால் திருவள்ளுவரிடம் போய் நான் வெகுளி என்று சொல்லிவிடாதீர்கள், பயந்துவிடுவார். குறளில் வெகுளி என்றால் கோபம். 31ஆவது அதிகாரமே வெகுளாமைதான், தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளில், ஒன்றான வெகுளியும் கோபம்தான். அந்தச் சொல் எப்படிச் சூதுவாது தெரியாதவர் தலையில் வந்து உட்கார்ந்தது? சுள்ளென்று கோபப்பட்டு மறுநிமிடமே மறந்துவிடுகிறவரிடம் கள்ளம் இருக்காது என்பது என் கணக்கு. ‘வெள்ளந்தி’ என்றால் இன்னும் செல்லம். ‘அப்பாவி’ வேறு ரகம், பேப்பரில் ‘அப்பாவி பொதுமக்கள்’ என்று போடுவது விவரம் தெரியாதவர்களை அல்ல, ஒரு தப்பும் செய்யாதவர்களை. ‘பேதை’ என்று யாராவது சொன்னால் மட்டும் சும்மா விடாதீர்கள். கெடுதலை வைத்துக்கொண்டு லாபத்தைக் கைவிடுவதுதான் பேதைமை என்கிறார் வள்ளுவர்.

கேள்வி: கத்துக்குட்டியும் இந்தக் கூட்டம்தானா?

பதில்: அது தொழில் பழகாதவர். மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கத்துக்குட்டித் திருடன்கூட உண்டு.

கேள்வி: யார் கேட்டாலும் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார் என் கணவர். இதற்கு என்ன பெயர்?

பதில்: கொடைமடம். மடம் என்றால் அறியாமை. மயிலுக்குக் குளிரும் என்று போர்வையைக் கொடுத்தானே பேகன், அதனால் மயிலுக்கு என்ன பயன் என்று அவன் கணக்குப் பார்க்கவே இல்லை. பரணர் அவனை மழையோடு ஒப்பிடுகிறார், வற்றிய குளத்திலும் வயலிலும் பெய்கிற அதே மழை ஒன்றுக்கும் உதவாத உவர்நிலத்திலும் பெய்கிறதே, அந்த மாதிரி. ஆனால் புறநானூற்றின் அதே 142ஆம் பாட்டில், கொடுப்பதில்தான் அவனுக்கு மடம், எதிரி படை வந்தால் படைமடம், அதாவது போரில் அறியாமை, கிடையாது என்றும் சேர்த்தே சொல்கிறார். சரி, உங்கள் வீட்டுக்காரர் பணத்தோடு நிறுத்திக்கொள்கிறாரா, இல்லை ஜாமீன் கையெழுத்தும் போடுகிறாரா? போடுகிறார் என்றால் பேகனை விடுங்கள், முதலில் பேனாவை ஒளித்து வையுங்கள்.