அடுப்பு முன்னால் நின்றால் எரிகிற முகம்

கேள்வி: கடலூர் முதுநகரில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறேன். வயது 41. இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து கிடக்கின்றன. அடுப்பு முன்னால் நின்றால் மிளகாய் தேய்த்ததுபோல எரிகிறது. பரு மாதிரியும் வருகிறது. மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். போட்டால் அடங்குகிறது, விட்டால் முன்னைவிட மோசம். மீன் சாப்பிடுவதால்தான் என்கிறார் மாமியார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் சரியாகுமா, டாக்டர்?
- பெயர் வேண்டாம் என்கிற வாசகி

பதில்: முதலில் அந்த டியூபைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கொஞ்ச நாள் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் விரிந்து, அது இல்லாமல் முகம் அடங்காது. புதுச்சேரியில் என்னிடம் வருகிற பலருடைய கைப்பையில் இப்படி ஒரு டியூப் இருக்கிறது. நிறுத்தினால் சில வாரம் எரிச்சல் கூடும். பயந்துபோய் மறுபடி தடவாதீர்கள். நெடுநாள் போட்டிருந்தால், எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவர் சொல்லட்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், முகம் சிவந்து எரிகிற ரோசேசியா என்கிற தோல் நோய் போலத் தெரிகிறது. வெள்ளைத் தோலுக்குத்தான் வரும் என்று ஒரு நினைப்பு. நம் மாநிறத்தில் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது, அவ்வளவுதான். அதனால் பரு என்று நினைத்து மருந்து போட்டுவிடுகிறார்கள்.

மீன்மேல் பழி வேண்டாம். குழம்பின் காரமும் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுவதும்தான் சிலருக்கு ஆகாது. ஆறவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், மாமியாருக்கும் பதில் கிடைத்துவிடும். வெயில், அடுப்புச் சூடு, கல்யாணக் கவலை எல்லாமே தூண்டும். கடையை மூடச் சொல்ல மாட்டேன். தீயில் காற்று படாதபடி பின்பக்கம் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள். நடுநடுவே நகர்ந்து நில்லுங்கள். எலுமிச்சை, கடலைமாவு, ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். மென்மையான க்ளென்சர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு உள்ள எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன் போதும்.

மெட்ரோனிடசோல், அசெலாயிக் ஆசிட், ஐவர்மெக்டின் க்ரீம்களில் உங்களுக்கு எது என்று மருத்துவர் முடிவு செய்வார். பரு அதிகமென்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் தரலாம். பலன் தெரியவே வாரக்கணக்கில் ஆகும், ஆகவே இப்போதே போய்விடுங்கள். கோரிமேடு ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது. அடியோடு போகுமா என்றால் போகாது, அடக்கி வைக்கலாம். வெளியே தெரிகிற ரத்தக் குழாய்களுக்கு லேசர் உண்டு. சிவப்பைச் சில மணி நேரம் மறைக்கிற பிரிமோனிடின் ஜெல்லும் உண்டு. சிலருக்கு அது விட்டதும் சிவப்பு இரட்டிப்பாகும் என்பதால் முகூர்த்தத்தன்று முதல்முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள். பார்லரில் ப்ளீச், ஃபேஷியல் எல்லாம் கல்யாணப் பெண்ணோடு நிற்கட்டும்.

கண்ணில் மணல் விழுந்த உறுத்தல் இருந்தால் கண் மருத்துவரையும் பாருங்கள். மூட்டுவலி, வாய்ப்புண், முடி கொட்டுவது சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். லூபஸ் என்கிற வேறு நோயிலும் கன்னம் இப்படிச் சிவக்கும். போகும்போது அந்த டியூபை மறக்காமல் எடுத்துப் போங்கள்.