மாத்திரை போட்டும் குளம் ஏன் பச்சை?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பண்ணை வீட்டு நீச்சல் குளங்கள். கீழே வரும் அளவுகள் எல்லாம் 70,000 லிட்டர் குளத்துக்கானவை. உங்களுடையது 35,000 என்றால் பாதி போடுங்கள். குளத்தின் கொள்ளளவு தெரியாமல் எதையும் போடாதீர்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வருவதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர்.

கேள்வி: ஈசிஆரில் பண்ணை வீடு. குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். ஆழம் ஒரு பக்கம் 1.2, மறுபக்கம் 1.6. ஐந்து மாதமாக வாரம் நாலு குளோரின் மாத்திரை, ஒவ்வொன்றும் 200 கிராம், தவறாமல் மிதவையில் போடுகிறோம். மோட்டார் ரிப்பேராகிப் பத்து நாள் ஓடவில்லை. தண்ணீர் இலைப் பச்சையாகிவிட்டது. 2 கிலோ ப்ளீச்சிங் பவுடர் போட்டோம். கேட்கவில்லை என்று ஒரு கிலோ மயில்துத்தமும் போட்டோம். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் குளோரின் மஞ்சள் நன்றாகவே தெரிகிறது. இன்னும் எவ்வளவு ப்ளீச்சிங் போட வேண்டும்?
— வாசகர், மாமல்லபுரம் அருகே

பதில்: இப்போதைக்கு ஒரு பிடிகூட வேண்டாம். உங்கள் குளத்தில் குறைவது குளோரின் அல்ல, மிஞ்சிப்போனது ஸ்டெபிலைசர்.

நீங்கள் போடும் மாத்திரையில் எடைக்குப் பாதிக்கும் சற்று மேல் சயனூரிக் அமிலம். கடையில் ஸ்டெபிலைசர் என்பது இதைத்தான். வெயிலில் குளோரின் சீக்கிரம் அழியாமல் இது காக்கும். அதனால் 30 முதல் 50 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருப்பது நல்லது. ஆனால் குளோரின் செலவாகிப் போய்விடும், இது போகாது. ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. வாரம் நாலு மாத்திரை என்றால் வாரத்துக்கு 6 பிபிஎம் ஏறும். இருபது வாரத்தில் 120. குளோரினை இது பிடித்து வைத்துக்கொள்வதால் பாசியைக் கொல்ல மிஞ்சுவது சொற்பம். உங்கள் சொட்டு மருந்தோ பிடிபட்டது, பிடிபடாதது, ஏற்கெனவே அழுக்கோடு சேர்ந்து வீணானது எல்லாவற்றையும் கூட்டி ஒரே மஞ்சளாகக் காட்டிவிடுகிறது. அந்த மஞ்சளை நம்பித்தான் பல குளங்கள் கெடுகின்றன.

கணக்கைப் பாருங்கள். பாசியைக் கொல்ல, ஸ்டெபிலைசர் அளவில் சுமார் 40 சதவீதம் குளோரின் நிற்க வேண்டும். 120-க்கு 48 பிபிஎம். நீங்கள் போட்ட 2 கிலோ ப்ளீச்சிங், 33 சதவீதம் வீரியம் உள்ள புதுச் சரக்காகவே இருந்தாலும், 9 பிபிஎம்தான் தந்திருக்கும்.

முதலில் அளந்து உறுதி செய்யுங்கள். ஸ்டெபிலைசர் சோதனையில் தண்ணீரும் மருந்தும் கலந்து பால்போல் ஆகும். குழாயின் அடியில் உள்ள கரும்புள்ளி மறையும் உயரம்தான் அளவு. பெரும்பாலான கிட் 100-க்கு மேல் காட்டாது. குளத்து நீரோடு அதே அளவு குழாய்த் தண்ணீர் கலந்து சோதித்து, விடையை இரட்டியுங்கள்.

120 வந்தால் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. மொத்தமாக இறைத்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் மணல் பூமி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். காலிக் குளத்தை அது அடியிலிருந்து தூக்கி டைல்ஸைப் பெயர்க்கும், ஃபைபர் தொட்டி என்றால் அப்படியே கிளப்பிவிடும். 28,000 லிட்டரை இறைத்து நிரப்பி, மோட்டாரை ஒரு நாள் ஓட்டிக் கலக்கவிட்டு, மறுபடி 28,000 லிட்டர் இறைத்து நிரப்புங்கள். 120 என்பது 43-க்கு வரும். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் மொத்தம் ஐந்து லோடுக்குள் முடிந்துவிடும். செலவுதான், ஆனால் ஸ்டெபிலைசரைக் குறைக்கும் என்று விற்கும் பொடிகளை நம்பிக் காத்திருப்பதைவிட இது நிச்சயம்.

தண்ணீர் மாற்ற இன்னொரு காரணம் மயில்துத்தம். ஒரு கிலோவில் கால் கிலோ செம்பு. உங்கள் குளத்தில் அது 3.6 பிபிஎம், நீச்சல் குளத்தில் அரை பிபிஎம்கூட அதிகம். பிஎச் (நீரின் அமில–கார அளவு) ஏறினாலோ குளோரின் திடீரென்று கூடினாலோ அது சுவரில் கறையாகப் படியும், வெளுத்த முடியைப் பச்சையாக்கும். கிருமியைக் கொல்லும் வேலையில் குளோரினுக்கு ஈடாகவும் ஆகாது. தென்னைக்கு போர்டோ கலவை அடிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். இறைக்கும் நீரை மீன் குட்டைக்கோ ஏரிக்கோ விடாதீர்கள். செம்பு மீனைக் கொல்லும்.

நிரப்பிய பிறகு பிஎச்-ஐ 7.2-க்குக் கொண்டுவாருங்கள். கடையில் கிடைக்கும் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு லிட்டர் வீதம் கலந்து, தண்ணீர் உள்ளே வரும் குழாய்க்கு எதிரே மோட்டார் ஓடும்போது ஊற்றி, நாலு மணி நேரம் கழித்து அளந்து, தேவையென்றால் இன்னொரு லிட்டர். பக்கெட்டில் தண்ணீர் முதலில், ஆசிட் பிறகு. இதைக் குளோரின் ஏற்றுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். குளோரின் 10-ஐத் தாண்டினால் பிஎச் சொட்டு மருந்து பொய்யாக ஊதா காட்டும், அதைப் பார்த்து இன்னும் ஆசிட் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு குளோரின். மாத்திரை வேண்டாம். 10 சதவீத திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) 11 லிட்டர் ஊற்றினால் 16 பிபிஎம் வரும். திரவம் கிடைக்காவிட்டால் 65 சதவீத ஹைப்போ பவுடர் (கால்சியம் ஹைப்போகுளோரைட்) 1.7 கிலோ. ப்ளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது என்றால் 3.4 கிலோவைச் சிறிது சிறிதாகப் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஹைப்போ கேன் வெயிலில் கிடந்திருந்தால் வீரியம் பாதியாகியிருக்கலாம். அதனால் லிட்டர் கணக்கை நம்பாமல் அரை மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள்.

பாசி குளோரினைத் தின்றுகொண்டே இருக்கும். முதல் நாள் மூன்று நாலு தடவை அளந்து, குறைந்ததை ஊற்றி 16-க்கே கொண்டுவர வேண்டும். ஒரே தடவை ஊற்றிவிட்டுப் போய்விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மிச்சம் இருக்கும் பாசி நாலே நாளில் மறுபடி தழைக்கும். மோட்டார் இரவு பகலாக ஓடட்டும். தினமும் சுவர், படி, மூலை எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஏணிக் குழாயின் உட்புறம், ஸ்கிம்மர் (மிதக்கும் குப்பையை இழுக்கும் வாய்) மூடியின் அடிப்பக்கம், மெயினை அணைத்துவிட்டு விளக்கின் பின்பக்கம், இங்கெல்லாம் பாசி ஒளிந்திருக்கும்.

முடிந்ததா என்பதற்கு மூன்று அடையாளம். அடித் தரை தெளிவாகத் தெரிய வேண்டும். அழுக்கோடு சேர்ந்து வீணான குளோரின் அரை பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்து அளந்ததற்கும் விடியுமுன் அளந்ததற்கும் இடையே ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையக் கூடாது. இரவில் வெயில் இல்லை. அப்போதும் குறைகிறது என்றால் தின்ன ஏதோ உயிரோடு இருக்கிறது. மூன்றும் சரியானால் குளோரினைத் தானாக இறங்கவிடுங்கள். 5-க்கு வந்த பிறகு செம்புக் கறை வராதிருக்க சீக்வெஸ்ட்ரன்ட் (செம்பைப் படியவிடாமல் நீரிலேயே பிடித்து வைக்கும் மருந்து) ஊற்றுங்கள், குளிக்கவும் இறங்கலாம். அதன்பின் 3-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குத் தினமும் மாலை ஒன்றரை லிட்டர் திரவ ஹைப்போ அநேகமாகச் சரியாக இருக்கும். மாத்திரையை ஊருக்குப் போகும் வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பச்சை போய்விட்டது, இப்போது மோர்த் தண்ணீர் மாதிரி வெளுப்பாக நிற்கிறது. ஒரு வாரமாகத் தெளியவில்லை.
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்து நீரை எடுத்து நாலு சொட்டு வினிகர் விடுங்கள். பளிச்சென்று தெளிந்தால் அது சுண்ணாம்பு. போர்த் தண்ணீரின் கடினத்தோடு ப்ளீச்சிங் பவுடரின் சுண்ணாம்பும் சேர்ந்து, பிஎச் 8-ஐத் தாண்டியதால் வெளியே வந்திருக்கிறது. மேலே சொன்னபடி ஆசிட் விட்டு 7.4-க்கு இறக்கினால் சரியாகும்.

தெளியவில்லை என்றால் செத்த பாசி. அதை எடுப்பது ஃபில்டர் வேலை, மருந்து வேலையல்ல. சாண்ட் ஃபில்டரின் பிரஷர் மீட்டர், கழுவிய உடனே காட்டிய அளவைவிட அரை பார் கூடினால் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) செய்யுங்கள். பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும்வரை, அநேகமாக இரண்டு மூன்று நிமிடம், பிறகு அரை நிமிடம் ரின்ஸ். மோட்டாரை நிறுத்தாமல் மல்டிபோர்ட் (ஃபில்டரின் நிலையை மாற்றும் வால்வு) கைப்பிடியைத் திருப்பாதீர்கள். உள்ளே உள்ள கேஸ்கெட் கிழிந்தால் அழுக்கு ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு குளத்துக்கே திரும்பும். நீங்கள் மாதக்கணக்கில் மருந்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அவசரம் என்றால் படிகாரம் மூன்றரை கிலோ. கரைத்து ஊற்றி, வால்வை ரீசர்க்குலேட்டில் (ஃபில்டருக்குள் போகாமல் தண்ணீர் சுற்றும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் அடியில் படிந்ததை வேஸ்ட் நிலையில் (தண்ணீர் ஃபில்டருக்குப் போகாமல் வெளியேறும் நிலை) மெதுவாக வாக்கம் போடுங்கள். ஃபில்டர் நிலையில் போட்டால் மணல் கட்டிக்கொள்ளும். படிகாரம் காரத்தன்மையைச் சுமார் 25 பிபிஎம் குறைக்கும். 80-க்குக் கீழே வந்தால் சமையல் சோடா, 10 பிபிஎம் ஏற்ற 1.2 கிலோ. சலவை சோடாவை அதற்குப் பதில் போடாதீர்கள். பிஎச் எகிறி மறுபடி சுண்ணாம்பு வெளுப்புக்கே திரும்புவீர்கள்.

கேள்வி: திரவ ஹைப்போ 20 லிட்டர் ஊற்றியும் டிபிடி மாத்திரைச் சோதனையில் (குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் காட்டுவது) குளோரின் பூஜ்யம். ஏமாற்றுச் சரக்கா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருக்கலாம். ஆனால் டிபிடி நிறம் அதிகக் குளோரினில் தானே வெளுத்துவிடும். மாத்திரை போட்ட நொடியில் ரோஸ் மின்னி மறைந்ததா? அப்படியானால் குளோரின் அளவுக்கு மேல் இருக்கிறது. ஒரு பங்கு குளத்து நீருக்கு நாலு பங்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் கலந்து சோதித்து, ஐந்தால் பெருக்குங்கள். அதுவரை யாரும் இறங்க வேண்டாம்.

கேள்வி: புதிதாகப் போர்த் தண்ணீர் நிரப்பினோம், தெளிவாக இருந்தது. ப்ளீச்சிங் போட்டதும் டீத் தண்ணீர் நிறம். இது பாசியா?
— வாசகர், ஓசூர்

பதில்: பாசி இல்லை, இரும்பு. கரைந்திருந்த இரும்பைக் குளோரின் துருவாக்கிவிட்டது. சுவரில் பழுப்புக் கறை இருந்தால் அதன்மேல் ஒரு வைட்டமின் சி மாத்திரையை அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். வெளுத்தால் சந்தேகமே இல்லை. துருவாகிவிட்டது நல்லதுதான், இனி ஃபில்டரில் நிற்கும். இரவு பகலாக ஓட்டி, அடிக்கடி பேக்வாஷ் செய்யுங்கள். இழந்த நீரை அதே போரிலிருந்து நிரப்பினால் இரும்பும் கூடவே வரும். அந்த அளவுக்காவது லாரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ விடுங்கள்.

கேள்வி: மாத்திரையும் ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட் கேனும் மோட்டார் ரூமில் ஒன்றாக வைத்திருக்கிறோம். எல்லாம் குளோரின்தானே, ஒரே மக்கால் அள்ளலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: கூடவே கூடாது. மாத்திரைத் தூளும் ஹைப்போ பவுடரும் ஈரத்தோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட் எதோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு. ஒவ்வொன்றுக்கும் தனி மக்கு, உலர்ந்த மக்கு. மிதவையில் மாத்திரைக்குப் பதில் ப்ளீச்சிங் பவுடரைப் போட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். ஆசிட் கேனை அந்த அறையிலிருந்து இன்றைக்கே வெளியேற்றுங்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் அதன் ஆவி மோட்டார் காயிலையும் சுவிட்ச் போர்டையும் துருவேற்றிவிடும்.