எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தும் எடை திரும்ப ஏறிவிட்டது. மறுபடி பழைய நிலைக்கு வர முடியுமா?

நாலு வருடத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து 40 கிலோ குறைந்தேன், இப்போது அதில் 18 கிலோ திரும்ப ஏறிவிட்டது, வயிறு விரிந்துவிட்டதா, மறுபடி ஆபரேஷன் வேண்டுமா, அந்த டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அந்த ஒரு கேள்வியிலேயே நான் இரண்டு வருடத்தைத் தொலைத்தேன்.

மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணி, கட்டுக்கம்பி, கீல், தாழ்ப்பாள், பெயின்ட். 2017 ஜூலையில், வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது வயது 39, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 138 கிலோ. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமல் இருக்க மூக்கில் மாட்டிக்கொள்ளும் மெஷின் வேறு. 2019 பொங்கலுக்கு 86 கிலோவில் நின்றேன். மெஷின் பரணுக்குப் போனது, மாத்திரைகள் நின்றன, பழைய சட்டைகளை அக்கம்பக்கத்தில் கொடுத்தாயிற்று. 2022 ஆடி மாதம் 109 கிலோ.

கடையில் கம்பியும் ஆணியும் எடை போட தரையோடு கிடக்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று உண்டு. 300 கிலோ வரை தாங்கும். இளைத்துக்கொண்டிருந்த நாட்களில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் எடை என்னுடையதுதான். கடைப் பையன்கள் சுற்றி நின்று நம்பரைப் பார்ப்பார்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு 400 கிராம் கம்மி" என்று ஒருவன் கத்துவான். எடை ஏற ஆரம்பித்ததும் அந்தத் தராசின் மேல் ஒரு ஆணி மூட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னேன். இடம் இல்லை என்று காரணம் சொன்னேன். கம்பி எடை போட வேண்டியிருந்தால் மூட்டையை இறக்குவார்கள், போட்டு முடித்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். தாமதமானால் எனக்கு எரிச்சல் வரும். பையன்களுக்குப் புரிந்திருக்கும். யாரும் வாய் திறக்கவில்லை.

வெளியே அப்படி இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் என் இலையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, லட்சக்கணக்குல கொட்டி வயித்த வெட்டிக்கிட்ட, கடைசில பழைய ஆளாவே ஆயிட்டியே" என்றார். இலையில் இருந்தது ஒரு கரண்டி சோறும் கொஞ்சம் கூட்டும்தான். அதற்கு மேல் எனக்கு இறங்காது. அதைச் சொன்னால் நம்பவா போகிறார்? அன்றிலிருந்து விசேஷங்களுக்கு மொய்க் கவரை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேறு எல்லாம் செய்தேன். இணையத்தில் யாரோ "ஐந்து நாளில் வயிற்றை ரீசெட் செய்யுங்கள்" என்று போட்டிருந்ததைப் பார்த்து வெறும் சூப்பும் பவுடர் கலக்கிய தண்ணீருமாக இருந்தேன். நாலாம் நாள், மேல் தட்டில் இருந்த பிரைமர் டப்பாவை எடுக்க ஏணியில் ஏறியபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. நல்ல வேளை, கீழே ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஐந்து நாளில் நாலு கிலோ குறைந்தது, அடுத்த பத்து நாளில் நாலு கிலோவும் வந்து சேர்ந்தது. போனது பெரும்பாலும் உடம்பில் இருந்த தண்ணீர். ஐந்து நாள் கஞ்சி குடித்து வயிற்றைச் சுருக்க முடியாது. இன்றைக்கும் இந்த ரீசெட்டைப் பற்றி யாராவது புகழ்ந்து எழுதினால் எனக்கு அந்த ஏணிதான் ஞாபகம் வரும்.

கடைசியில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது எடை இல்லை, அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, மத்தியானம் கல்லாவிலேயே தலை சாய்ந்தது. வீட்டுக்காரம்மா எனக்குத் தெரியாமல் போன் போட்டு நேரம் வாங்கிவிட்டு, "ஏங்க, சனிக்கிழமை பத்து மணிக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஏறினதுக்குத் திட்ட மாட்டேன், மூணு வருஷமா வராததுக்குத்தான் திட்டணும்" என்றார். சுவீடனில் 1987-ல் தொடங்கிப் பல வருடம் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அதில் வயிற்றைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை) செய்துகொண்டவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்தார்கள், பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. அதாவது சராசரி ஆளே கொஞ்சம் ஏறத்தான் செய்கிறார். மிகக் குறைந்த எடை என்பது பலருக்கு ஒன்றரை, இரண்டு வருடத்தில் வந்துபோகும் ஒரு நாள்தான், அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு ஆயுளுக்கும் குமையக் கூடாது என்றார். எனக்கு ஏறியது சராசரிக்கு மேல் என்பதையும் மறைக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8. பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு. தைராய்டு சரியாக இருந்தது. மூன்றாவது வருடமே சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டிருந்தேன், எடைதான் குறைந்துவிட்டதே என்று. இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கு அந்த மாத்திரைகள் ஆயுள் முழுக்க என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். காதில் ஏறவில்லை. ரத்தம் இல்லாத உடம்பு நடக்க மறுக்கும், நடக்காத உடம்பு ஏறும். என் அசதிக்குப் பாதிக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை என்று தெரிந்தபோது பெரிய பாரம் இறங்கியது.

இப்போது உங்கள் வயிறு விரிந்த கேள்வி. பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஒரு வெள்ளைத் திரவம், ருசியைப் பற்றிப் பேச வேண்டாம். ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரி குழாயாக இருக்கும். அது வருடங்கள் போகப் போகக் கொஞ்சம் தளர்வது இயல்பு. எனக்கு அந்த இயல்பைத் தாண்டி ஒன்றும் இல்லை. வெட்டி எடுத்த மேல் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது, அதனால்தான் முதல் வருடம் பசியே தெரியவில்லை. இளைத்த உடம்பு பழைய எடைக்குத் திரும்பப் பார்க்கும், பசி மெல்ல மெல்ல வரத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பசி வந்தபோது நான் கெட்டுப்போய்விட்டேன் என்று நினைத்திருந்தேன். சிலருக்கு உண்மையாகவே வயிறு அதிகம் விரிந்திருக்கும், அதைப் படம் எடுத்துத்தான் சொல்ல முடியும். உட்கார்ந்த இடத்தில் நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது.

அடுத்த அறையில் டயட்டீஷியன். என் மகள் வயது இருக்கும். ஒரு வாரம் வாயில் போவது எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். "சாப்பாடு மட்டும் இல்ல சார், வாயைத் தாண்டுறது எல்லாம்" என்றார். கடையில் சரக்கு வந்தால் எழுதுகிற நீள நோட்டு ஒன்றை எடுத்து எழுதினேன்.

மூன்று வேளைச் சாப்பாடு நாலு வரியில் முடிந்துவிட்டது. இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறு, ராத்திரி ஒரு தோசை. பரோட்டாவெல்லாம் எனக்கு ஆகாது, பாதியிலேயே நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். அதனால் நான் சாப்பிடுவது குறைவுதான் என்று யாரிடமும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். பொய்யும் இல்லை. பக்கம் நிறைந்தது மற்றதில்தான். கடைக்கு மேஸ்திரி வந்தால் டீ, பெயின்டர் வந்தால் டீ, சேல்ஸ்மேன் வந்தால் டீ. அவர்களுக்குச் சொல்லும்போது எனக்கும் ஒன்று. ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ். பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து கிளாஸுக்குச் சுமார் 80 கலோரி என்று வைத்தாலே 640 ஆகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் காராச்சேவு, டீயோடு ஒரு பிடி, டீ இல்லாமலும் ஒரு பிடி. 100 கிராம் காராச்சேவில் சுமார் 500 கலோரி இருக்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வாரத்தில் மூன்று நாளாவது ஜிகர்தண்டா. பாலும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் பாதாம் பிசினும் எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். மதுரைக்காரன் வயிற்றை எப்படி வெட்டினாலும் ஜிகர்தண்டாவுக்கு வழி இருக்கும் போல.

நோட்டைப் பார்த்ததும் எனக்கே விளங்கியது. ஆபரேஷன் நிறுத்தியது மொத்த வியாபாரத்தை மட்டும்தான். சில்லறை வியாபாரம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கெட்டியான சாப்பாடுதான் சின்ன வயிற்றில் தங்கி "போதும்" என்று சொல்லும். கரைகிறதும் வழுக்குகிறதும் தங்காது, எத்தனை தடவை அனுப்பினாலும் வயிறு கணக்கில் எடுக்காது.

மாற்றியது கொஞ்சம்தான். புரதம் ஒரு நாளைக்கு 60-லிருந்து 80 கிராம் வரை வர வேண்டும், அதை முதலில் சாப்பிட வேண்டும். காலையில் இரண்டு முட்டை, அப்புறம் இடம் இருந்தால் ஒரு இட்லி. மீன் குழம்பு என்றால் மீன் துண்டுகளை முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பது. இது எங்கள் வீட்டில் பெரிய சண்டை. மீனை மட்டும் தனியாகத் தின்பவனை என் அம்மா பார்த்ததே இல்லை, "குழம்பு எதுக்குடா வச்சேன்" என்பார். சாயங்காலம் பாசிப்பயறு சுண்டல் ஒரு கிண்ணம், வீட்டிலிருந்து தூக்கில் வரும். சாப்பிடும்போது தண்ணீர் இல்லை, முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான். தண்ணீர் சேர்ந்தால் சாப்பாடு சீக்கிரம் கீழே இறங்கிவிடும், மறுபடி இடம் கேட்கும். டீ இரண்டு, சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் கழனித்தண்ணி மாதிரி இருந்தது, இப்போது சர்க்கரை போட்டால்தான் ஒரு மாதிரி இருக்கிறது. காராச்சேவு டப்பாவில் இப்போது திருகாணி.

ஹீமோகுளோபின் ஏறிய பிறகுதான் உடற்பயிற்சி என்றார்கள். காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் அரை மணி நேர நடை, அதோடு நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. முதல் நாள் ஆறு தடவை, இப்போது மூன்று சுற்றாக நாற்பத்தைந்து. தசை கரையாமல் இருக்க நடை மட்டும் போதாதாம்.

முதல் மாதம் குறைந்தது ஒன்றரைக் கிலோதான். ஆபரேஷன் செய்த வருடத்து வேகத்தை மனதில் வைத்திருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். 109 கிலோவிலிருந்து 98-க்கு வர எட்டு மாதம் ஆனது, அப்புறம் 94. ஒரு வருடத்துக்கும் மேலாக 94, 95 என்றுதான் ஆடிக்கொண்டிருக்கிறது. 86-க்கு நான் போகவில்லை, போவேன் என்றும் தோன்றவில்லை. நின்றுபோன சர்க்கரை மாத்திரையில் ஒன்று திரும்ப வந்தது, அது இன்னும் தொடர்கிறது. ஆனால் மெஷின் பரணிலேயே இருக்கிறது.

ஊசி பற்றியும் கேட்பீர்கள். டிர்செபடைட், செமாகுளுடைட் ஊசிகள் எடைக் குறைப்புக்கென்று 2025-ல் இங்கேயும் வந்துவிட்டன, ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். என் டாக்டர், ஏறினால் யோசிக்கலாம் என்று வைத்திருக்கிறார். நிறுத்தினால் எடை திரும்பும் தன்மை அதற்கும் உண்டு, பசியை அடக்கும்போது புரதமும் குறைந்துவிடும், அதனால் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஸ்லீவை பைபாஸாக மாற்றும் இரண்டாவது ஆபரேஷனும் இருக்கிறது. கடுமையான நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு அதைச் சொல்வார்கள். எடைக்காக மட்டும் என்றால், நோட்டு எழுதிப் பார்க்காமல் அதற்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் காராச்சேவு பைபாஸிலும் இறங்கியிருக்கும்.

நீங்கள் செய்துகொண்டது ஸ்லீவா பைபாஸா என்று எழுதவில்லை. பைபாஸ் என்றால் இரும்புச் சத்தும் பி12-உம் உடம்பில் சேர்வது இன்னும் குறைவு, அந்தப் பரிசோதனைகளை முதலில் கேளுங்கள். பழைய டாக்டரிடம் போக மனம் வரவே இல்லை என்றால் வேறு டாக்டரிடம் போகலாம், தப்பில்லை. எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் கொண்டுபோங்கள், என்ன ஆபரேஷன், எவ்வளவு வெட்டினார்கள் என்று அதில்தான் இருக்கும். என்னுடையது பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் கிடந்தது, தேட அரை நாள் ஆனது.