வாசகர் கேள்வி, லைன்மேன் பதில்

(காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் 34 வருடம் டெலிபோன் கம்பியோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

எங்கள் அப்பா 1984-இல் போனுக்குப் பணம் கட்டினார். தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) கம்பி வந்தது 1995-இல். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன்பே விவசாயி வீட்டில் போன் இருந்ததாகப் படித்தேன். அவர்களால் மட்டும் எப்படி முடிந்தது?
– ஒரு வாசகர், முத்தூர்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேனுங்க. அப்பா ஒரு தடவையாவது அதில் பேசியிருக்க வேண்டும்.

நீங்கள் படித்தது நிஜம். கிரஹாம் பெல்லின் காப்புரிமை 1893, 94-இல் முடிந்துபோனது. அதன் பிறகு அங்கே யார் வேண்டுமானாலும் போன் செய்து விற்கலாம், கம்பி இழுக்கலாம். பெரிய கம்பெனிகள் டவுனோடு நின்றுகொண்டன. தள்ளித்தள்ளி இருக்கும் பண்ணை வீடுகளுக்கு இழுத்தால் அவர்களுக்குக் கட்டுபடியாகாது. விவசாயிகள் பத்துப் பேர், இருபது பேராகச் சேர்ந்து தாங்களே இழுத்துக்கொண்டார்கள். மேற்குப் பக்கத்தில் பல இடங்களில் கம்பம்கூட நடவில்லை. மாட்டுக்காகப் போட்டிருந்த முள்கம்பி வேலியையே போன் கம்பி ஆக்கிவிட்டார்கள். கம்பி மரத்தூணில் பட்டு மின்சாரம் இறங்காமலிருக்க பாட்டில் கழுத்து, தோல் துண்டு, மக்காச்சோளக் கட்டை என்று கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். போனுக்குள்ளேயே பேட்டரி இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் மணி அடிக்கும். ஒரே கம்பியில் பல வீடுகள். ஒரு நீள மணி, இரண்டு குட்டை மணி அடித்தால் உங்களுக்கு. இரண்டு நீளம் என்றால் பக்கத்துப் பண்ணைக்கு. யார் எடுத்தாலும் எல்லார் பேச்சும் கேட்கும். மழை பெய்தால் லைன் செத்துவிடும். ஆனாலும் 1920-இல் அங்கே பண்ணை வீடுகளில் நூற்றுக்கு 39 வீட்டில் போன் இருந்தது. 1930-களில் பொருளாதாரம் படுத்தபோது பணம் கட்ட முடியாமல் நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். 1940-இல் அது நூற்றுக்கு 25 ஆகிவிட்டது. பிறகு மறுபடி ஏறியது. 1949-இல் கிராமப் போனுக்குக் கடன் கொடுக்க அரசு சட்டமும் போட்டது.

நம் கொங்குச் சீமையும் அதே அமைப்புதான். ஊர் ஒரு பக்கம், சனம் தோட்டந்தோட்டமாக ஒரு பக்கம். வேலிக்கும் பஞ்சமில்லை, கிளுவை வேலியோரமாக நான் நடக்காத நாளே கிடையாது. ஆனால் இங்கே ஒரு குடியானவர் தானாகக் கம்பி இழுத்துக்கொள்ள முடியாது. 1885-ஆம் வருடத் தந்திச் சட்டம் அந்த உரிமையை அரசாங்கத்துக்கு மட்டும் என்று வைத்துவிட்டது. சுதந்திரம் வந்தபோது நாடு முழுவதும் சுமார் 80,000 போன்கள்தான். அதற்கப்புறமும் வெகுகாலம் போனை ஆடம்பரச் சாமான் என்றே நினைத்தார்கள். அணைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். போன் ஆடம்பரம் என்ற நினைப்புதான் தப்பு. ஒரு சாளையில் கம்பி இணைத்துவிட்டு டூல் பையை மடிக்கும்போதே, மருமகளுக்கு வலி எடுத்துவிட்டதென்று அந்த வீட்டு ஆத்தா ஓடிவந்தார். காருக்கு நானே டயல் செய்து கொடுத்தேன். அந்தப் போனில் பேசிய முதல் பேச்சு அதுதான். அதை ஆடம்பரம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு காரணம் தூரம். எக்சேஞ்சிலிருந்து (ஊர்ப் போன்களையெல்லாம் இணைக்கும் நிலையத்திலிருந்து) ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு ஜோடி செப்புக்கம்பி போக வேண்டும். அரை மில்லிமீட்டர் கம்பி ஐந்தாறு கிலோமீட்டரைத் தாண்டினால், நீங்கள் ரிசீவரை எடுத்ததே எக்சேஞ்சுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் எக்சேஞ்சே கிராமத்துக்கு வந்தாக வேண்டும். வெளிநாட்டு எக்சேஞ்சுகளோ ஏசி அறை கேட்கும். தொலைத்தொடர்புப் பொறியாளர் சாம் பிட்ரோடா முன்னின்று 1984-இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையம் இதற்கு வழி செய்தது. 128 போர்ட் (கம்பி இணைக்கும் முனை) உள்ள சின்ன எக்சேஞ்ச். ஏசி வேண்டாம், வெயிலும் தூசியும் தாங்கும். முதலாவது 1986 ஜூலையில் கர்நாடகத்தில் கிட்டூரில் வைத்தார்கள். உங்கள் சாளைக்கு வந்த கம்பியும் பெரும்பாலும் அப்படி ஒரு பெட்டியிலிருந்துதான் வந்திருக்கும்.

உலகத்தில் எந்தப் பக்கம் லேண்ட்லைன் அதிகம் வளர்ந்தது, எந்தப் பக்கம் வளரவே இல்லை?
– கல்லூரி மாணவி, பெருந்துறை

கண்ணு, ஒரே ஒரு கணக்குச் சொல்கிறேன். 1980-களின் நடுவில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அமைத்த மெயிட்லண்ட் குழு அறிக்கை கொடுத்தது. உலகத்தில் இருந்த 60 கோடிப் போனில் முக்கால் பங்கு ஒன்பது நாட்டிலேயே இருந்தது. டோக்கியோ என்ற ஒரு நகரத்தில் இருந்த போன், ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும் சேர்த்தாலும் கிடையாது.

ஜப்பான் அப்படி ஆனது கஷ்டப்பட்டுத்தான். போருக்குப் பிறகு அங்கேயும் காத்திருப்போர் பட்டியல் இருந்தது, 1978-இல்தான் தீர்த்தார்கள். பிரேசிலில் ஒரு காலத்தில் போன் லைனைச் சொத்தாக வருமான வரிக் கணக்கில் காட்டினார்கள், அவ்வளவு அரிதாக இருந்தது. ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்கள் போட்ட கம்பி துறைமுகத்துக்கும் தலைநகருக்கும்தான் ஓடியது. பக்கத்து நாட்டோடு பேச லண்டன், பாரிஸ் வழியாகப் போக வேண்டிய நிலை வெகுகாலம் இருந்தது. அங்கே கம்பி வீடு வீடாகப் போகும் முன்பே செல்போன் வந்துவிட்டது.

சீனாதான் பிரமிக்க வைத்தது. 2006-இல் அங்கே 36 கோடி லைனுக்கு மேல். அதே சமயத்தில் நம் நாட்டில் நான்கைந்து கோடிதான். உலகக் கணக்கும் அந்த வருடம்தான் உச்சம், ஏறத்தாழ 125 கோடி. அதற்கு முன்பே, 2002-இல், செல்போன் எண்ணிக்கை லேண்ட்லைனைத் தாண்டிவிட்டது.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்த கல்யாணப் பத்திரிகையில் போன் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று இருக்கிறதே?
– ஒரு வாசகி, கோபி

அது பக்கத்து வீட்டு நம்பர். கூப்பிட்டால் ஆளை வரச் சொல்லித் தருவார்கள். ரிசீவரை மேசையில் துண்டு விரித்து மல்லாக்க வைத்துவிட்டு, ஒரு பையன் வரப்போரமாக ஓடுவான். திருப்பூரில் பனியன் வியாபாரம் தொடங்கிய பலருடைய கார்டிலும் முதலில் இருந்தது பி.பி. நம்பர்தான்.

செப்புக்கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போடச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– ஒரு வாசகர், உடுமலை

மாற்றுங்க. பேச்சு தெளிவாக இருக்கும், நெட்டும் வேகமாக வரும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். செப்புக்கம்பியில் போனுக்கு வேண்டிய 48 வோல்ட் எக்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வந்தது. வீட்டில் கரண்டு போனாலும் போன் பேசும். ஃபைபர் மோடம் அப்படியில்லை, வீட்டுக் கரண்டில்தான் ஓடும். வயதானவர்கள் தனியாக இருக்கிற சாளை என்றால் மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்துவிடுங்கள். ஆள் வரும்போதே பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிற சுவராகப் பார்த்துக் காட்டுங்க.