வளர்ச்சி வேண்டாம் என்றால் வேறு என்னதான் வழி?

கேள்வி: ஆற்றைக் கெடுக்கிற, ஆட்களைக் கசக்கிப் பிழிகிற கம்பெனிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே என் அண்ணன், ‘கம்பெனி இல்லாமல் வேலை எங்கிருந்து வரும்? வளர்ச்சி வேண்டாமா? சோவியத் ரஷ்யா என்ன ஆனது பார்த்தாயா?’ என்று வாயை அடைத்துவிடுகிறார். மாற்று உண்மையிலேயே இருக்கிறதா, வெறும் பேச்சுதானா?

பதில்: இருக்கிறது. ஆனால் உலகம் முழுவதற்கும் ஒரு புதுத் திட்டத்தை அண்ணன் முன்னால் வைக்கப் பார்க்காதீர்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறீர்கள். முடிவெடுப்பது யார், அதனால் அடிபடுவது யார் என்று மட்டும் கேளுங்கள்.

வங்கதேசத்தில் 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்ததே, அதற்கு முந்தைய நாளே விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே கிளை வைத்திருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேல் மாடிகளில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகளோ, ஆர்டரைத் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும் என்று தையல் வேலை செய்யும் பெண்களை மறுநாள் காலையில் திரும்ப உள்ளே வரவைத்தன. 1,134 பேர் செத்துப்போனார்கள். விரிசலைப் பார்த்துப் பயந்த அந்தப் பெண்களுக்கு ‘இன்றைக்கு வேலை கிடையாது’ என்று சொல்லும் அதிகாரம் இல்லை, விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்ட பிராண்டுகள் வேறு கண்டத்தில் இருந்தன. அப்புறம் நிலைமையைக் கொஞ்சமாவது மாற்றியது, அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் கையெழுத்துப் போட்ட, சட்டப்படி கட்டுப்படுத்துகிற பாதுகாப்பு ஒப்பந்தம்தான்.

சோவியத் கதையும் இதேதான். பருத்தி இலக்கை எட்டுவதற்காக மத்திய ஆசியாவின் அமு தரியா, சிர் தரியா ஆறுகளைத் திருப்பிவிட்டு ஏரல் கடலையே வற்றவைத்தார்கள், அதை நம்பி மீன் பிடித்தவர்களை யாரும் கேட்கவில்லை. முதலாளி இருந்த இடத்தில் அரசு உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

சரி, அடிபடுகிறவர் கையிலேயே முடிவு இருந்தால்? ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956இல் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கிய மோந்த்ராகோன் கூட்டுறவுகளில் இன்று சுமார் 70,000 பேர் வேலை செய்கிறார்கள். உறுப்பினரான தொழிலாளிக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு, மேலாளரின் சம்பளம் பெரும்பாலும் கடைசிப் படிச் சம்பளத்தைப் போல 6 மடங்கைத் தாண்டாது. 2013இல் அவர்களுடைய வீட்டுச் சாதன நிறுவனம் திவாலானபோது, உறுப்பினர்களில் நிறையப் பேருக்கு மற்ற கூட்டுறவுகள் வேலை கொடுத்தன. குறையும் உண்டு: வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் உறுப்பினர்கள் இல்லை, எனக்கு அது உறுத்துகிறது. ஆனாலும் பல்லாயிரம் பேருக்குச் சோறு போடுகிற ஒன்றை வெறும் பேச்சு என்று தள்ள முடியாது.

வளர்ச்சி பற்றி அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சாக்கடையும் மருத்துவமனையும் இல்லாத இடத்தில் அவை வளரத்தான் வேண்டும். ஆனால் ஒரு நாட்டில் ஒரு வருடத்தில் உற்பத்தியாகும் பொருள்கள், சேவைகளின் மொத்த மதிப்பான ஜிடிபி என்கிற கணக்கு எதையும் பிரித்துப் பார்க்காது. கடலில் எண்ணெய் கொட்டினால் அதைச் சுத்தம் செய்கிற செலவும் அதில் வளர்ச்சிதான், படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளின் உழைப்பு அதில் ஏறவே ஏறாது. தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸே 1934இல், அதை வைத்து மக்களின் நலனை அளக்க முடியாது என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஆகவே ‘வளர்ச்சி வேண்டுமா’ என்று அண்ணன் கேட்டால், எது வளர வேண்டும், யாருக்காக என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். வேலை பார்க்கும் இடத்தில் சங்கம் இருந்தால் சேருங்கள், ஏதாவது கூட்டுறவில் உறுப்பினராக இருந்தால் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போய் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். உறுப்பினர்கள் எட்டிப் பார்க்காத கூட்டுறவு சீக்கிரமே நாலு பேரின் சொத்தாகிவிடும்.