பழனிக்கு நடந்த கால்கள் கொடைக்கானல் மலையில் இறங்கலாமா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் எட்டுப் பேர் கொண்ட குழு எங்களுடையது. யாத்திரை முடிந்ததும், மார்ச் மாதத்தில், கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி மலைக்கிராமம் வழியாக அடிவாரத்திலுள்ள கும்பக்கரைக்கு ஒரே நாளில் நடந்து இறங்க ஆசைப்படுகிறோம். என் 14 வயதுப் பேரன் கியர் சைக்கிளையும் கொண்டுவர வேண்டும் என்கிறான். குழுவில் 66 வயது ஆச்சி ஒருவரும் இருக்கிறார். அவருக்கு முழங்காலில் சற்று வலி உண்டு. பாதயாத்திரையில் நாளொன்றுக்கு 25, 30 கி.மீ. நடப்பவர்கள் நாங்கள், இது அதைவிடக் குறைந்த தூரம்தான், அதிலும் இறக்கம்தான் என்பதால் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். சரிதானா?”

சரியன்று. தங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்த சொல்லும் அந்த “இறக்கம்தான்” என்பதுதான். குன்றக்குடியில் புறப்பட்டுச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனி வரை செல்லும் வழி பெரும்பாலும் சமதரை. அந்த நடையில் தாங்கள் சேர்த்து வைத்திருப்பது மூச்சின் வலிமையும், வெயிலைத் தாங்கும் உடலும், கொப்புளத்தோடும் அடுத்த அடி வைக்கும் மன உறுதியும் ஆகும். இவை அனைத்தும் மலையில் உதவும். ஆனால் வட்டக்கானலிலிருந்து கும்பக்கரை வரையிலான பாதை ஏறக்குறைய 5,000 அடி கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்துக்கு வேண்டிய தசை வலிமையை எத்தனை ஆண்டு சமதரையில் நடந்தாலும் கால்கள் முழுமையாகப் பெறுவதில்லை.

காரணம் எளியது. ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போதோ, அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதாவது ஒவ்வோர் அடியிலும் தொடையே பிரேக் போடுகிறது. நீளும் நிலையில் பாரம் தாங்கும் தசையின் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். மூச்சு வாங்காததால் அன்று எதுவும் தெரியாது. மாலையில் கால்கள் நடுங்கத் தொடங்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி உச்சத்தை அடைந்து, மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்க நேரிடும். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். களைத்த தொடை பிரேக் போடத் தவறும் கணத்தில் எடை முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போய்விடுவதுதான் அபாயம். இறங்கு வழியின் கடைசி ஒரு மணி நேரத்தில் கால் பிசகுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதற்கு மருந்தும் அதே இறக்கம்தான் என்பது நல்ல செய்தி. ஒருமுறை நன்றாக இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்துடன் செய்யக் கற்றுக்கொள்கிறது. ஆகவே பயணத்துக்கு ஆறேழு வாரங்களுக்கு முன்பிருந்து வாரம் ஒருமுறை இறங்கிப் பழகுங்கள். செட்டிநாட்டில் மலைக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். குன்றக்குடிச் சண்முகநாதர் கோயில் படிகள் இருக்கின்றன. முதல் வாரம் இரண்டு முறை, பிறகு மூன்று, நான்கு என்று கூட்டிக்கொண்டே ஏறி இறங்குங்கள். ஏறுவதை எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள், இறங்குவதை மட்டும் மெதுவாக, முழங்காலைச் சற்று மடக்கி, குதிக்காமல், முழுப் பாதமும் படியில் பதியும்படி செய்யுங்கள். சுவாமி தரிசனத்துக்கு வருபவர்களுக்கு இடையூறாக இல்லாமல் காலை வேளையிலேயே முடித்துக்கொள்வது மரியாதை.

கடைசி இரண்டு பயிற்சிகளைப் பிரான்மலையில் வைத்துக்கொள்ளுங்கள். பாரி ஆண்ட பறம்புமலை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த மலையின் உயரம் ஏறக்குறைய 2,500 அடி. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயிலும் உச்சியில் தர்காவும் இருப்பதால் இரு சமயத்தாரும் ஏறிப் பழகிய மலை அது. செதுக்கிய படிக்கட்டில் கால் தன் போக்கில் போகும். கரடுமுரடான பாறையிலும் உருளும் சரளையிலும் ஒவ்வோர் அடியையும் கண் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளகெவிப் பாதை கேட்பது இந்த இரண்டாவது திறமையைத்தான். உச்சிவெயிலில் பாறை கொதிக்கும் என்பதால் விடியலில் ஏறி ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

அடுத்தது காலக் கணக்கு. மலைநடையைக் கிலோமீட்டரில் அளப்பது நம்மைப் போன்ற சமவெளிக்காரர்கள் அனைவரும் செய்யும் தவறு. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். செங்குத்தாக இறங்கும்போதும் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் பத்து நிமிடம் கூட்ட வேண்டும் என்று பின்வந்தோர் திருத்தினார்கள். ஓர் எடுத்துக்காட்டு: 15 கி.மீ. தூரமும் 5,000 அடி இறக்கமும் உள்ள வழி என்றால், இந்தக் கணக்குப்படி ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனால் அது உரமேறிய மலையேறிகள் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. வெவ்வேறு வயதினர் கலந்த, உணவுக்கும் படமெடுக்கவும் நிற்கும் ஒரு குழுவுக்கு அதை இரட்டிப்பாக்கி எட்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குப் புறப்பட்டால்தான் பிற்பகல் மூன்றுக்குள் கீழே சேரலாம். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி முன்னால் போகிறவர்கூடத் தெரியமாட்டார். நம் பகுதியில் அந்தி நீடிப்பதுமில்லை, விரைவில் இருட்டிவிடும். பகலிலேயே சேர்ந்துவிடுவோம் என்ற நம்பிக்கை இருந்தாலும் ஆளுக்கொரு டார்ச் விளக்கு கட்டாயம் வேண்டும். கைகள் காலியாக இருக்கும்படி தலையில் கட்டிக்கொள்ளும் வகையே நல்லது.

மார்ச் மாதம் வேண்டாம். புல் காய்ந்து நிற்கும் தீப்பருவம் அது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்ததைத் தாங்கள் மறந்திருக்க முடியாது. காய்ந்த புல்வெளிச் சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைவாகப் பாயும். மனிதர்களால் அந்த வேகத்தில் சரிவில் ஓட இயலாது. அந்த நிகழ்வுக்குப் பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காட்டுப் பாதைகளில் வனத்துறையின் அனுமதியின்றி நடப்பது குற்றம். 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 வழிகளுக்கு வனத்துறையே இணையப் பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் ஏற்பாடு செய்யும் திட்டம் தொடங்கியது. தேதியை உறுதி செய்யும் முன், தாங்கள் செல்ல விரும்பும் பகுதி திறந்திருக்கிறதா, எதுவரை அனுமதி என்பதைக் கொடைக்கானல் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். “உள்ளூர்ப் பையன் ஒருவன் கூட்டிப்போவான்” என்று விடுதியில் சொல்லும் ஏற்பாட்டை நம்பிப் போகாதீர்கள். வாகனத்துக்கு இ-பாஸ் எடுக்கும் நடைமுறையும் 2024 மே மாதம் முதல் இருக்கிறது.

என் பரிந்துரை டிசம்பர் கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழை தணிந்திருக்கும். பேரனுக்கு அரையாண்டு விடுமுறை. தைப்பூசத்துக்கும் அது முன்தயாரிப்பாக அமையும். கூட்டம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூட்டம் ஏரியைச் சுற்றித்தான் நிற்கும். குளிர்தான் தங்களுக்குப் புதிது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் காரைக்குடியைவிடப் பதின்மூன்று, பதினான்கு டிகிரி குறைவாக இருக்கும். டிசம்பர் விடியலில் 10 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. கனமான ஒரே ஸ்வெட்டருக்குப் பதிலாக மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால், கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கும்பக்கரையில் மீண்டும் நம் ஊர் வெயில்தான். குளிரில் தாகம் தெரியாது என்பதால், வெயிலில் தண்ணீர் குடித்துப் பழகியவர்கள்கூட மலையில் குடிக்க மறந்துவிடுவார்கள். அரைமணிக்கு ஒருமுறை இரண்டு மிடறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு அங்கே தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். தின்பண்டத்துக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம்: சீப்புச்சீடையும் அதிரசமும் உப்பும் இனிப்புமாக வழிநடைக்கென்றே செய்தவை போல இருக்கின்றன.

காலணி பற்றி ஒரு வார்த்தை. யாத்திரையில் வெறுங்காலுடன் நடந்த பாதம் கெட்டிப்பட்டிருக்கும். என்றாலும் ஈரமான வேரும் பாசி படிந்த கல்லும் வேறு விஷயம். அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் வெட்டிய ஷூ வேண்டும். கயிற்றை இறுக்கிய பின் விரல்களுக்கு முன்னால் அரை அங்குல இடம் இருக்க வேண்டும். முந்தின நாள் மாலையே கால் நகங்களை வெட்டிவிடுங்கள். முதன்முறை நான் இதைச் செய்யாமல் இறங்கி, இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து, அவை விழுந்து முளைக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

இனி, பாதையைப் பகிர்ந்துகொள்வது. வெள்ளகெவிக்கு மோட்டார் சாலை கிடையாது. நாம் பொழுதுபோக்காக நடக்கும் அந்த ஒற்றையடிப் பாதை அந்த ஊராருக்குக் கடைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் ஒரே வழி. அரிசி மூட்டையும் விளைபொருளும் தலைச்சுமையாகவோ குதிரைமேலோ அதில்தான் போகின்றன. ஆகவே சுமையோடு வருபவர் யாராயினும், மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும், அவருக்கே முதல் வழி. நம் போன்றவர்களுக்குள் ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும்; ஏறுபவரின் பார்வை தரையில் இருக்கும், நின்றால் அவருக்கு மறுபடி மூச்சும் தாளமும் பிடிக்க நேரமாகும்.

பொதி சுமந்த குதிரை வந்தால் பாதையின் பள்ளப் பக்கம் ஒதுங்காதீர்கள். இருபுறமும் துருத்தி நிற்கும் மூட்டை தோளில் இடித்தால் நிற்க இடமிருக்காது. மலைச்சரிவு உயரும் பக்கமாக ஒதுங்கி, எட்டுப் பேரும் ஒரே பக்கத்தில் நின்று, இயல்பான குரலில் ஏதாவது பேசுங்கள். அசையாமல் மௌனமாக நிற்கும் உருவத்தைக் கண்டால் குதிரை மிரளும். மனிதக் குரல் கேட்டால் அதற்கு அச்சம் தணியும். பின்புறமாக நெருங்கக் கூடாது என்பது மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காட்டெருமை நின்றால் கணக்கே வேறு: அதற்கு வழிவிடுவதல்ல, அது தானாகப் போகும்வரை தொலைவிலேயே காத்திருக்க வேண்டும், கூச்சலும் கல்லெறிதலும் செல்போன் படமும் கூடாது. வெள்ளகெவி ஊருக்குள் செருப்பு அணிவதில்லை என்ற வழக்கம் உண்டு. பாதயாத்திரைக்காரர்களான தங்களுக்கு ஷூவைக் கழற்றிக் கையில் பிடிப்பது கடினமாக இராது.

யாத்திரையில் வேகமானவர்கள் முன்னே போய் அடுத்த தங்குமிடத்தில் காத்திருப்பது வழக்கம். மலையில் அதைச் செய்யாதீர்கள். செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. வழிகாட்டிக்கு அடுத்தபடி மிக மெதுவாக நடப்பவரும், கடைசியில் அனுபவமுள்ள ஒருவரும் வர வேண்டும்; பாதை பிரியும் இடங்களில் அனைவரும் சேர்ந்த பிறகே நகர வேண்டும்.

பேரனின் சைக்கிள் வெள்ளகெவிப் பாதைக்கு வேண்டாம். கல்லும் வேரும் செங்குத்து இறக்கமுமான அந்த வழியில் அவன் ஓட்டுவதைவிடத் தூக்கிச் சுமப்பதே அதிகமாக இருக்கும். எதிரே குதிரை வந்தால் ஒதுங்கவும் இடமில்லை. ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கி.மீ. சாலையில் நடப்பவர்களும் சவாரிக் குதிரைகளும் சைக்கிள்களும் வாகனங்களும் ஒன்றாகவே போகின்றன. பகிர்ந்து ஓட்டக் கற்றுக்கொள்ள நல்ல இடம். நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரன்தான் வழிவிட வேண்டும். குதிரையின் பின்னால் மணியடிக்காமல், குதிரைக்காரரிடம் குரல் கொடுத்து அனுமதி கேட்டு, வேகம் குறைத்துக் கடக்க வேண்டும். அங்கே கை பழகிய பின் பெரியவர் ஒருவர் வாகனத்தில் துணைவர, பூம்பாறைச் சாலையில் அதிகாலையில் ஓட்டலாம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும்; விட்டுவிட்டு, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து அழுத்தப் பழக்குங்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருப்பதால் குழுவில் மற்றவர்களும் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

ஆச்சி முழு இறக்கத்துக்கு வர வேண்டாம் என்பதே என் கருத்து. முழங்கால் வலிக்கு எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்த பிறகு, குன்றக்குடியிலோ, உயர்ந்த தளம் போட்ட தங்கள் வீட்டு வாசற்படியிலோ மெதுவாக இறங்கிப் பழகட்டும். இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்தால் முழங்காலின் பாரம் கணிசமாகக் குறையும். அப்படிப் பழகி, மருத்துவரும் சம்மதித்தால், முதல் நாள் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை மற்றவர்களோடு போய் அதே வழியில் திரும்பலாம். திரும்பும் வழி ஏற்றம் என்பதால் மூச்சு வாங்கும், ஆனால் முழங்கால் தப்பிக்கும். மறுநாள் அவர் வேனில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகட்டும். வானம் தெளிந்திருந்தால் பழனி மலை அங்கிருந்தே தெரியும். பிறகு அதே வேனில் பெரியகுளம் வழியாகக் கும்பக்கரைக்கு வந்து காத்திருக்கட்டும். புறப்பட்ட நேரத்தையும், எத்தனை மணிவரை வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, வழிகாட்டியின் பெயரோடும் அலுவலகத் தொலைபேசி எண்ணோடும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.